பாளையக்காரர் படை கட்ட மூணு கிட்டைக் கலக்கணும்: கழுத்து, தோள், வேட்டி எப்படி?

பொருநைக்கரை (பாளையங்கோட்டை)

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். சின்ன உருவங்களை மேசையில வச்சு ஆடுற ஃப்ராஸ்ட்கிரேவ் ஆட்டத்துக்கு ஒரு படை கட்டப் போறேன். மந்திரவாதி, சீடன், 8 வீரர், ஆக 10 உருவம். ஐரோப்பியக் கோட்டும் இரும்புத் தொப்பியும் வேண்டாம், நம்ம பாளையக்காரர் சாயல் வேணும்: தலைப்பாகை, வெற்றுடம்பு, தார்ப்பாய்ச்சிக் கட்டின வேட்டி, முறுக்கு மீசை, வல்லயம், வெட்டரிவாள். கூட ஒரு பூதம்.

கையில இருக்கிறது: உடம்புக்கு கோஸ்ட் ஆர்க்கிபெலகோ டிரைபல்ஸ் பெட்டி, தலைக்கு கிரிப்பிங் பீஸ்ட் அரபு ஈட்டி வீரர் ஸ்ப்ரூ (துண்டுகள் ஒட்டி வர்ற பிளாஸ்டிக் சட்டம்), பூதத்துக்கு கேம்ஸ் வொர்க்‌ஷாப் ஓகோர் குளட்டன்ங்கிற தொந்தி ராட்சசன் ஒண்ணு. எல்லாம் 28 மி.மீ. அளவுன்னுதான் சொல்லுதாங்க. ஆனா அரபுத் தலையை டிரைபல்ஸ் உடம்புல வச்சுப் பாத்தா கழுத்து நீண்டு நிக்கி. அரபுக் கையை வச்சா தோள்ல இடைவெளி, போதாக்குறைக்கு அது சட்டைக் கை. இடுப்புல கோவணம் மாதிரி சின்னத் துணிதான் இருக்கு, அதை வேட்டியாக்கணும்.

இன்னும் ரெண்டு கேக்கேன். மடிப்பு, மீசை எல்லாம் வடிக்கிற கிரீன் ஸ்டஃப் புட்டி வெளியூர்ல இருந்துதான் வரவழைக்கணும். ஹார்டுவேர் கடை எம்-சீல் போதுமா? தனியாக் கிடைச்ச சாம்பல் நிற உருவம் ஒண்ணு கிடக்கு, அதுல பிளாஸ்டிக் சிமென்ட் பிடிக்கவே மாட்டேங்குது. ஏன்?

பட்டறை28

கடைசிக் கேள்வியில இருந்து வாரேன், ஏன்னா மத்ததெல்லாம் அதுக்கு அப்புறந்தான். நீங்க சொன்ன மூணு கிட்டும் பாலிஸ்டைரீன். சிமென்ட் ஒட்டுறது கிடையாது. துண்டு ரெண்டும் தொடுற முகத்தைக் கரைச்சு ஒண்ணாக் கலக்க விடுது. கரையாத பிளாஸ்டிக்ல அதுக்கு வேலையில்லை. உங்க சாம்பல் உருவம் அனேகமா பி.வி.சி. வகை. ரீப்பர் போன்ஸ், போர்டு கேம் பெட்டியில வர்ற உருவம் நிறைய அப்படித்தான். சந்தேகம்னா காலடியில ஒரு சொட்டு சிமென்ட் வச்சு ஒரு நிமிசம் கழிச்சு நகத்தால அழுத்துங்க. நகத்தடம் விழுந்தா பாலிஸ்டைரீன். வழிச்சுட்டுப் போனா பி.வி.சி.யோ ரெசினோதான், அதுக்கு சூப்பர் குளூவும் உள்ள செருகுற கம்பிப் பின்னும்தான். 3டி பிரின்ட் துண்டுக்கும் இதே கதை.

இனி அளவு. பெட்டியில 28 மி.மீ.ன்னு போட்டிருக்கிறது உயரத்துக்கு மட்டுந்தான். தடிமனைப் பத்தி அது ஒண்ணும் சொல்லாது. பெர்ரி, விக்ட்ரிக்ஸ் மாதிரி வரலாற்றுக் கிட்டுகள்ல தலையும் கையும் மனுச அளவுக்குக் கிட்டக்க இருக்கும். கேம்ஸ் வொர்க்‌ஷாப் கிட்டுகள்ல தலை, முஷ்டி, ஆயுதம் மூணும் வேணும்னே பெரிசு. ஃப்ராஸ்ட்கிரேவ் குடும்பம் ரெண்டுக்கும் நடுவுல. நம்ம கண்ணு உயரத்தை அவ்வளவு லேசுல பிடிக்காது. ஒரே உடம்புல முகமும் முஷ்டியும் பொருந்தலைன்னா உடனே பிடிச்சிரும். அதனால முகமும் ரெண்டு கையும் ஒரே கிட்ல இருந்து வந்தா நல்லது, நடு உடம்பு எங்கிருந்து வந்தாலும் தெரியாது. உங்களுக்கு வெற்றுடம்பு வேணுங்கிறதால இதைக் கொஞ்சம் மாத்தணும். கை டிரைபல்ஸோடதே இருக்கட்டும், தலையை மட்டும் அரபுல இருந்து எடுங்க. தலைப்பாகைத் தலையில வெளிய தெரியிறது முகம் மட்டுந்தான், அளவு வித்தியாசத்தைத் துணிச்சுத்து மறைச்சிரும். ஓகோரோட கை, கத்தி எதையும் வீரர்கிட்டக் கொண்டு வராதிய.

எல்லாத்துக்கும் முன்ன, ஒட்டிப் பிரிக்கிற புளூ டாக் பசையை வச்சுப் பத்து உருவத்தையும் நிறுத்திப் பாருங்க. ஒண்ணு ஒண்ணா ஒட்டிக்கிட்டே போனா ஆறாவது உருவத்துக்கு வரும்போது நல்ல கையெல்லாம் தீர்ந்திருக்கும்.

கழுத்து: தலையோட வர்ற கழுத்துத் துண்டும் உடம்புல இருக்கிற குழி ஆழமும் ஒவ்வொரு கிட்லயும் வேற. உங்களுக்கு நீண்டு நிக்கிறது அதனாலதான். தாடைக்குக் கீழ 1 மி.மீ. மட்டும் விட்டு மிச்சத்தை வெட்டிருங்க. குழியை 2 மி.மீ. உருண்டைப் பர்ரால (உருண்டைத் தலை உள்ள குடையுற பிட்) கையில சுழட்டி ஆழமாக்குங்க. மோட்டார் ட்ரில் வேண்டாம், சூட்டுல பிளாஸ்டிக் உருகிப் பர்ல சுத்திக்கிடும். கழுத்தடியை 400 நம்பர் உப்புத்தாள்ல உருண்டையாத் தேய்ச்சா தலையை எந்தப் பக்கமும் திருப்பி நிறுத்தலாம். நேராப் பாக்கிற உருவத்துக்குத் தாடை நுனி தோள்கோட்டை ஒட்டி, மிஞ்சிப் போனா 1 மி.மீ. மேல. அதுக்கு மேல போனா கொக்குக் கழுத்துதான். தலையைக் கடைசியா ஒட்டுங்க. ஆயுதம் எங்க போகுதோ அங்கதான் கண்ணும் போகணும். கை நிக்கிறதுக்கு முன்ன அது தெரியாது.

தோள்: ரெண்டு கிட்டோட தோள் முகமும் ஒரே சரிவுல இருக்காது, அதான் இடைவெளி. ஒரு கண்ணாடித் துண்டுல 400 தாளை ஒட்டி, உடம்புத் தோளையும் கையையும் அதுல தட்டையாத் தேய்ங்க. அப்படித் தேய்ச்சதுல தோள் குறுகிட்டுன்னா 0.5 மி.மீ. பிளாஸ்டிக் தகடு ஒண்ணை நடுவுல வச்சு ஒட்டி, காய்ஞ்ச பிறகு சுத்தி வர நறுக்கி எடுங்க. அரபுக் கைதான் வேணும்னு ஒரு உருவத்துக்குத் தோணினா, தோள்ல சேர்க்காதிய. சட்டைக் கை முடியிற ஓரத்துலயே அறுத்து, முன்கையை மட்டும் டிரைபல்ஸ் மேற்கையில வையுங்க. கலவை வேலையில வெட்டு எப்பவும் ஒரு எல்லையில விழணும்: காப்பு, அரைக்கச்சை, தோள்வளை, துணி ஓரம். வெறுந்தோல் நடுவுல விழுந்த வெட்டை எவ்வளவு பூசினாலும் பெயின்ட் அடிச்ச பிறகு காட்டிக் கொடுத்திரும்.

அறுக்கிறதுக்கு ஸ்ப்ரூ கட்டர் ஆகாது. அது நசுக்கும், பிளாஸ்டிக் வெளுத்துப் போகும். டவுன் பக்கம் நகைப் பட்டறைச் சாமான் விக்கிற கடையில தட்டாரு வாள் சட்டமும் 3/0 பிளேடும் கேளுங்க. 3/0 கிட்டத்தட்ட கால் மில்லிமீட்டர் கனம், அறுப்புல அவ்வளவுதான் போகும். பையப் பைய இழுங்க. வேகமா இழுத்தா உருகி, அறுத்த இடமே திரும்ப ஒட்டிக்கிட்டு பிளேடு நடுவுல மாட்டிக்கிடும். அதே கடையில கை ட்ரில், 0.5, 0.8, 1 மி.மீ. பிட், பித்தளைக் கம்பி, சின்ன அரம் எல்லாம் கிடைக்கும். மணிக்கட்டுல வெட்டினா 0.5 மி.மீ. கம்பி, தோளுக்கு 0.8, பூதத்துக்கு 1.

தேரிக்காடு

பசையும் புட்டியும் நான் சொல்லுதேன்.

டாமியா எக்ஸ்ட்ரா தின் மாதிரி தண்ணிச் சிமென்டை சேர்ற முகத்துல பூசிட்டு ஒட்டக் கூடாது. ரெண்டு துண்டையும் சேத்துப் பிடிச்சுக்கிட்டு, மூட்டு ஓரத்துல பிரஷைத் தொட்டா அதுவே உள்ள ஓடும். சேர்ற முகத்துல பெயின்ட் இருந்தா முதல்ல சுரண்டிருங்க, பெயின்ட் மேல சிமென்ட் பிடிச்சும் பயனில்லை. ரெண்டு மூணு நொடி கழிச்சு லேசா அழுத்தினா உருகின பிளாஸ்டிக் ஒரு மெல்லிசு வரம்பா வெளிய பிதுங்கும். அதைத் தொடாதிய. ஒரு நாள் கழிச்சு பிளேடால சீவினா மூட்டே தெரியாது. தேய்க்கிறது, துளை போடுறது எல்லாம் அந்த ஒரு நாளுக்கு அப்புறம். அதுக்கு முன்ன தேய்ச்சா பிளாஸ்டிக் இன்னும் மெத்துன்னு இருக்கும், மூட்டு குழிஞ்சு போகும்.

0.5 மி.மீ. வரைக்கும் உள்ள இடைவெளிக்கு ஸ்ப்ரூ கூழ். காலியாகப் போற சிமென்ட் பாட்டில்ல மூணுல ஒரு பங்கு இருக்கும்போது ஸ்ப்ரூவைக் கடுகு கடுகா நறுக்கிப் போட்டு ராத்திரி வையுங்க, காலையில தேன் பதத்துக்கு வரும். காயும்போது சுருங்கும், அதனால கொஞ்சம் மேடாவே வையுங்க. 1 மி.மீ.க்கு மேல உள்ள குழிக்கு இது வேண்டாம். உள்ள சிக்கின கரைப்பான் வெளிய வராம, பக்கத்துல இருக்கிற மெல்லிசுப் பிளாஸ்டிக்கையும் இளக்கிரும்.

சிமென்ட் கிடைக்கலைன்னு போர்டு எழுதுற கடையில அக்ரிலிக் ஒட்ட வச்சிருக்கிற குளோரோஃபார்மை வாங்கிராதிய. பாலிஸ்டைரீனை அது கரைக்கத்தான் செய்யும், ஆனா மூடின அறையில அந்தப் புகையை இழுக்கிறது ஈரலுக்குக் கேடு. வண்டி பெயின்ட் தின்னர் உருவத்தோட மூஞ்சியையே அழிச்சிரும். சிமென்டை வெளியூர்ல இருந்து கொண்டு வரச் சொன்னா ரயில்ல வர்றவங்ககிட்டச் சொல்லுங்க. தீப்பிடிக்கிற திரவம்ங்கிறதால விமானத்துல அனுமதி கிடையாது.

எம்-சீல் விசயம். கெட்டியாகும், பலமா நிக்கும், விலை குறைவு. பூதத்து வயிறு, உருவம் நிக்கிற தட்டான பேஸ் மேல பாறை, இதுக்கெல்லாம் அதுவே போதும். துணி மடிப்புக்கு ஆகாது. மாவு நறநறன்னு இருக்கும், மெல்லிசா இழுத்தா கிழியும், காய்ஞ்ச பிறகு ஓரம் பொடியும். மடிப்பு, மீசை, காப்பு மூணுக்கும் கிரீன் ஸ்டஃப் வேணும். பத்து உருவத்துக்கு ஒரு சின்னத் துண்டு தாராளம், எம்-சீலை உள்கட்டுக்கு வச்சா இன்னும் மிஞ்சும். பட்டையா வர்றதுல மஞ்சளும் நீலமும் தொடுற நடுக்கோட்டை 2 மி.மீ. அளவுக்கு வெட்டி எறியுங்க; அந்த இடம் முன்னாடியே இறுகியிருக்கும், பிசைஞ்சா கட்டி கட்டியா நிக்கும். சரிபாதி பிசைஞ்சா பொதுவான வேலைக்கு. நீலம் கூடினா கூர்மையா நிக்கும், அரிவாள் பிடிக்கும் கச்சைக்கும் நல்லது. மஞ்சள் கூடினா ஒட்டும், வளையும். நம்ம ஊரு சித்திரை வெயில்ல சீக்கிரம் இறுகும், அதனால ஒரு தடவைக்குப் பட்டாணி அளவுக்கு மேல பிசையாதிய. மிச்சத்தை காத்துப் போகாத டப்பாவுல வச்சு ஃப்ரீசர்ல போடுங்க.

வேட்டி. இதுல அவசரப்பட்டாக் கெட்டுது. டிரைபல்ஸ் இடுப்புத் துணியோட முன் தொங்கலைச் சீவி எடுங்க, பின் தொங்கலை விட்டுருங்க, அது கொசுவத்துக்கு ஆதாரமாகும். முதல் நாள் தொடைக்கு நடுவுலயும் பின்னாலயும் புட்டியைச் சும்மா நிரப்பி வடிவம் மட்டும் கொண்டு வாங்க. காயட்டும். மறுநாள் புதுப் புட்டியை டால்கம் பவுடர் தூவின பிளாஸ்டிக் தாளுக்கு நடுவுல உருட்டி, 0.5 மி.மீ. தகடா ஆக்கி, தொடை அளவுக்கு வெட்டிப் போர்த்துங்க. ஒரே நாள்ல ரெண்டையும் செய்தா மேல் மடிப்பை அழுத்தும்போது கீழ இருக்கிறதும் நகரும், கால் வீங்கின மாதிரி ஆயிரும். போர்த்தின உடனே மடிப்புப் போடாதிய. அரை மணி நேரம் போல விட்டா ஒட்டுறது குறைஞ்சு அழுத்தினா அழுத்தின இடத்துல நிக்கும், அப்ப ஈரம் தொட்ட ஊசியால கோடு இழுங்க. மடிப்பு எல்லாம் செருகின இடத்துல இருந்துதான் கிளம்பணும்: தார்ப்பாய்ச்சில முன்னால தொப்புளுக்குக் கீழ இருந்தும், பின்னால இடுப்புல செருகின இடத்துல இருந்தும் விசிறியா விரியும். தொடை மேல துணி இறுகி, கோடு வளைஞ்சு சுத்தும். எங்கயும் இணைகோடா நேரா இறங்காது.

இதைப் படத்துல பாக்கிறதை விட கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில்ல போய்ப் பாருங்க, பாளையங்கோட்டையில இருந்து பக்கந்தானே. வீரபத்திரர், கர்ணன், அர்ச்சுனன் சிலையில இடுப்புக் கச்சையும் துணி விழுகிற விதமும் நாயக்கர் காலச் சிற்பி அத்தனை துல்லியமா வெட்டி வச்சிருக்கான். பக்கவாட்டுல நின்னு பாருங்க, 28 மி.மீ. உருவத்துக்கு எந்த மடிப்பை வைக்கணும், எதை விடணும்னு அங்கதான் புரியும். தொடைக்கு நாலஞ்சு கோடு போதும்.

அரபு முகத்துல தாடி இருந்தா பிளேடு முதுகால சுரண்டி எடுத்து 600 தாள் போட்டுருங்க. மீசைக்கு கிரீன் ஸ்டஃப்பை முடி மாதிரி உருட்டி, நடுவுல வச்சு அழுத்தி, ரெண்டு நுனியையும் ஊசியால மேல தூக்குங்க. தலைப்பாகைக்கு வால் இருந்தா வெட்டி, அந்த இடத்துல ஒரு சுத்து கூட வையுங்க.

சாரல்

பட்டறை அண்ணாச்சி சொன்னதுல ஒண்ணை ஒத்துக்கிட மாட்டேன். பாலிஸ்டைரீனும் பாலிஸ்டைரீனும் சேர்ற மணிக்கட்டுக்குப் பின் வேண்டாம். மணிக்கட்டு 2 மி.மீ. கூட இருக்காது, அதுல 0.5 துளை போட்டா ஒண்ணாக் கலக்குறதுக்கு இருக்கிற முகமே குறைஞ்சு போகுது, துளை கோணினா பக்கச் சுவரும் போச்சு. ரெண்டு முகமும் தட்டையா இருந்தா சிமென்டே போதும். பின்னை உலோகம், பி.வி.சி., ரெசின் சேர்ற இடத்துக்கும், உருவத்தோட முழு பாரமும் ஒத்தைக் கணுக்கால்ல நிக்கிற இடத்துக்கும் வையுங்க.

சூப்பர் குளூ காத்துல இருக்கிற ஈரத்துலதான் இறுகும். ஆனி, ஆடியில தென்காசிப் பக்கம் சாரல் அடிக்கும்போது வேகமாப் பிடிக்கும், கூடவே மூட்டைச் சுத்தி வெள்ளையாப் பூக்கும். கொஞ்சமா வச்சு, காத்தோட்டத்துல காய விடுங்க. பூத்தது பெயின்டுக்கு முன்ன அடிக்கிற பிரைமருக்கு அடியில மறைஞ்சிரும், ஆனா ஊடு தெரியிற துண்டுல மறையாது. ஸ்ப்ரே பிரைமரும் அந்த நாள்ல வேண்டாம், பொரிப்பொரியா விழும். கோடையில உச்சி வெயில்ல அடிச்சா துளி காத்துலயே காய்ஞ்சு மணலாட்டம் உக்காரும். காலையில அடிங்க.

பூதம்: குளட்டனோட வயித்துத் தட்டை ஒட்டாம விட்டீங்கன்னா அந்த இடம் மொட்டையாத் தெரியும். எம்-சீலை வயிறா உருட்டி வச்சு, அது காய்ஞ்ச பிறகு மேல அரை மில்லி கிரீன் ஸ்டஃப் தோல். தொப்புளை ஈரத்துல குத்துங்க. ஆயுதத்தைக் கழட்டும்போது கையையும் சேத்து மணிக்கட்டுல அறுக்காதிய, முஷ்டிக்கு மேலயும் கீழயும் கம்பை மட்டும் அறுத்து, முஷ்டியை 1 மி.மீ. துளை போட்டு வச்சுக்கிடுங்க. பெரிய வெட்டரிவாளுக்கு 1 மி.மீ. பிளாஸ்டிக் தகடு. தகடு கிடைக்கலைன்னா, அடியில முக்கோணத்துக்குள்ள 6 போட்ட டப்பா, மூடி எல்லாம் பாலிஸ்டைரீன். மெல்லிசா இருந்தா ரெண்டு மூணு அடுக்கு ஒட்டிக்கிடலாம், சிமென்ட் அதுல நல்லாப் பிடிக்கும். வெட்டரிவாளோட முதுகு நேராப் போய், கடைசி மூணுல ஒரு பங்குல மூக்கு வளையணும். முழுக்க வளைச்சா கதிரரிவாள் ஆயிரும்.

பூதத்தைப் பூதமாவே வையுங்க. சுடலை மாடன் சாயல் வேணும்னு குல்லாவும் கச்சையுமா கட்டி, ஆட்டத்துல வெட்டுப்பட்டுச் சாயிற உருவமாக்கிராதிய. நம்ம ஊர்ல கொடை கொடுத்துக் கும்பிடுற சாமி, மேசையில கூட உக்காருற ஆளுக்கும் குலசாமியா இருக்கலாம்.

இன்னொண்ணு. ஃப்ராஸ்ட்கிரேவ்ல எந்தக் கம்பெனி உருவத்தையும் வைக்கலாம், அதனால உங்களுக்குத் தடையில்லை. இங்கிலாந்துல நாட்டிங்ஹாம் வார்ஹாமர் வேர்ல்ட் மாதிரி கம்பெனியே நடத்துற இடத்துல நடக்கிற போட்டிக்கு கேம்ஸ் வொர்க்‌ஷாப் உருவம்தான் வேணும், அங்க இந்தக் கலவை செல்லாது. இதே வீரரை 2024ல வந்த தி ஓல்ட் வேர்ல்ட் மாதிரி வீரரை வரிசை கட்டி நிறுத்துற ஆட்டத்துக்கும் நண்பர்களோட ஆடப் பயன்படுத்துற எண்ணம் இருந்தா, 25 மி.மீ. வட்ட பேஸ்ல ஒட்டி, 25 மி.மீ. சதுரத் தட்டுல காந்தத்தோட உக்கார வையுங்க.

பொருநைக்கரை

ரொம்ப நன்றி அண்ணாச்சிமாரே. வேட்டி இப்பப் பிடிபட்டுட்டு. வல்லயம்தான் பாக்கி. ரெண்டு கையாலயும் பிடிச்சு முன்னால நீட்டுற மாதிரி நாலு பேரு வேணும். ஒரு கையை ஒட்டினா அடுத்த கை கம்புக்கு வரமாட்டேங்குது. கிட்ல இருக்கிற பிளாஸ்டிக் ஈட்டி குட்டையாவும் இருக்கு, லேசா இடிச்சாலே வளையுது. எவ்வளவு நீளம் வைக்கலாம்?

பட்டறை28

மணிக்கட்டு விசயத்துல சாரல் சொல்லுறது சரி, துண்டு ரெண்டும் ஒரே பிளாஸ்டிக்கா இருந்தா. மேசையில விழுந்து விழுந்து எந்திரிக்கிற உருவத்துக்கு நான் இன்னும் பின் வைப்பேன்.

நீளம்: இந்த அளவு உருவத்துக்கு 1க்கு 56 போட்டுப் பாருங்க. 12 அடி ஈட்டி 65 மி.மீ., 15 அடி 82 மி.மீ. நீட்டிப் பிடிக்கிற நாலு பேருக்கு 65 போதும். 82 வச்சா பக்கத்து உருவத்துல இடிக்கும். நட்டமா ஊணி நிக்கிறவனுக்கு 82 வையுங்க, பார்க்க கம்பீரமா இருக்கும். 0.8 மி.மீ. பித்தளைக் கம்பி. முனையை வாங்கின பதத்துலயே தட்டாதிய, வெடிக்கும். மெழுகுவத்தி பத்தாது, கேஸ் அடுப்புச் சுவாலையில நுனியை மங்கின சிவப்புக்குக் காய்ச்சித் தண்ணியில போட்டா இளகும். பிறகு சின்னச் சுத்தியால 0.3 மி.மீ. கனத்துக்குத் தட்டினா ஒன்றரை மில்லிக்கு மேல அகலம் வரும், அரத்தால இலை வடிவத்துக்குக் கொண்டு வந்துக்கிடலாம். பெயின்ட் பிடிக்க கம்பி முழுக்க 600 தாள் ஒரு தடவை.

கைக்கு: நாலு முஷ்டியில இருக்கிற பழைய கம்பை முஷ்டியோட ஒட்டி அறுங்க. 0.5 பிட்டால மேல இருந்து பாதி, கீழ இருந்து பாதி துளைச்சு நடுவுல சந்திக்க விடுங்க. ஒரே பக்கத்துல இருந்து போனா விரல்ல வெளிய வந்திரும். பிறகு 0.8 ஓட்டுங்க. ஒட்டுறதுக்கு முன்னாலயே ரெண்டு கையையும் கம்பியில கோத்திருங்க. கம்பியே இங்க அளவுச் சட்டம். கோத்த கையை அப்படியே தோள்ல கொண்டு வந்து புளூ டாக்ல நிறுத்திப் பாருங்க. பின்கை இடுப்போரம், முன்கை நெஞ்சுக்குக் கீழ, ரெண்டு முஷ்டிக்கும் நடுவுல 12 மி.மீ. போல. ஒரு கை எட்டலைன்னா தோளை இழுக்காதிய. முழங்கைக்கு உள்பக்கம் வாளால முக்கால் பங்கு ஆழம் ஒரு ஆப்பு வெட்டி, மடக்கி, சிமென்ட் விடுங்க. வெளிப்பக்கத் தோல் ஒட்டியே இருக்கிறதால நீளம் மாறாது. கை விரியணும்னா அதே உள்பக்கம் ஆப்பு எடுக்காம ஒரு வெட்டு மட்டும் போட்டு விரிச்சு, இடைவெளிக்கு ஸ்ப்ரூ கூழ்.

சரியா உக்காந்த பிறகு தோள் ரெண்டுலயும் கெட்டிச் சிமென்ட். அது பத்து நிமிசமாவது நகர இடம் கொடுக்கும், அதுக்குள்ள கம்பியை நேராக்கிட்டு, ரப்பர் பேண்டால உடம்போட சேத்துக் கட்டி ஒரு நாள் விட்டிருங்க. கம்பியை முஷ்டியில அப்ப ஒட்ட வேண்டாம். வேட்டி மடிப்புப் போடும்போது குறுக்க நிக்கும், உருவி வச்சுட்டு பெயின்ட் முடிஞ்ச பிறகு ஒரு சொட்டு சூப்பர் குளூ வச்சுச் செருகிக்கிடுங்க.